வாசகர் கேள்வி – பதில்: பழைய மணிக்கூட்டு உறைகளின் முத்திரைகள்

சென்ற இதழில் சட்டைப்பை மணிக்கூடுகளைத் திருத்துவது பற்றி எழுதியபோது, உறையின் உட்புறத்தில் குத்தப்பட்டிருக்கும் முத்திரைகளைப் பற்றி இரண்டு வரி மட்டும் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பற்றியே கேட்கின்றன. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இத்தனை வீடுகளின் அலுமாரிகளில் இந்த மணிக்கூடுகள் துணியில் சுற்றியபடி இன்னும் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் இந்நாட்களில் அவற்றுட் பல உருக்குச் சட்டிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதையும் அறிவேன். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் முத்திரைகளுக்கே ஒதுக்கி, ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனது அப்பப்பா விதானையாராக இருந்தவர். அவருடைய வெள்ளி மணிக்கூட்டின் பின்மூடிக்கு உட்புறம் நடந்து செல்லும் சிங்கம், நங்கூரம், ‘கே’ என்ற சிறிய ஆங்கில எழுத்து, ‘ஏ.எல்.டி.’ என்ற எழுத்துகள் ஆகியவை இருக்கின்றன. இயந்திரத்திலோ ‘வால்தம்’ என்ற அமெரிக்கப் பெயர் இருக்கிறது. பழம்பொருள் வாங்குபவர் ஒருவர், சிங்கம் இங்கிலாந்துக்கும் இயந்திரம் அமெரிக்காவுக்கும் உரியவை என்பதால் இது கள்ள முத்திரை என்று சொல்லி, வெறும் உலோக விலைக்குக் கேட்கிறார். விற்கலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி.

பதில்: விற்க வேண்டாம், ரீச்சர். அவர் குறையாகச் சொன்ன அந்தப் பொருத்தமின்மையே தங்கள் மணிக்கூட்டுக்கு மிகவும் இயல்பானது. வால்தம் இயந்திரங்கள் பிரித்தானியச் சந்தைக்குப் பெருந்தொகையாக உறையில்லாமலே அனுப்பப்பட்டு, அங்கு செய்யப்பட்ட உறைகளில் பொருத்தப்பட்டன. அந்த உறைகளைப் பேர்மிங்ஹாம் நகரில் செய்தவர்களுள் முதன்மையானவர் ஏரன் லஃப்கின் டெனிசன். வால்தம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அமெரிக்கத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களுள் ஒருவராகிய அவர், பிற்காலத்தில் இங்கிலாந்துக்குச் சென்று உறை செய்யும் தொழிலை நடத்தினார். ‘ஏ.எல்.டி.’ என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். அவர் 1895 இல் மறைந்த பின்னரும் அவை நிறுவனத்தின் அடையாளமாகத் தொடர்ந்தன.

மற்ற முத்திரைகளையும் இதே முறையில் வாசிக்கலாம். நடந்து செல்லும் சிங்கம், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்ற இங்கிலாந்துத் தரத்தைக் குறிக்கும். நங்கூரம், 1773 ஆம் ஆண்டு முதல் பேர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலைக்கு, அதாவது வெள்ளி, தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் இடத்துக்கு, உரியது. அங்கே கடல் இல்லாதபோதும் நங்கூரம் வந்ததைப் பார்த்துப் பலர் மயங்குவதுண்டு. அது கப்பலோடு தொடர்புடைய குறி என்று எண்ணி, ‘கப்பற்காரர் மணிக்கூடு’ என்ற பெயரில் விற்பதையும் கண்டிருக்கிறேன். தனி எழுத்து ஆண்டைக் காட்டும். பேர்மிங்ஹாமில் 1900 இல் சிறிய எழுத்துகளில் ஒரு புதிய வரிசை தொடங்கியது. அதில் ‘ஜே’ விடப்பட்டதால் ‘கே’ 1909 ஆம் ஆண்டுக்கு உரியதாகும். ஒரே எழுத்து வெவ்வேறு வரிசைகளில் திரும்பத் திரும்ப வரும் என்பதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தே ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும்.

தங்கள் இயந்திரத்தில் உள்ள இலக்கம் ஒரு கோடியே எழுபது இலட்சத்தைச் சற்றுத் தாண்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். வால்தம் இலக்கங்களில் அது ஏறத்தாழ 1908, 1909 காலத்துக்குரியது. உறையைக் குத்திய பரிசோதனைச் சாலையும் இயந்திரத்தை இலக்கமிட்ட தொழிற்சாலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளில் இருந்தவை. ஒன்றையொன்று அறியாமல் இரண்டும் ஒரே காலத்தையே சொல்கின்றன. முத்திரை பார்ப்பதில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புவது இந்த உடன்பாட்டைத்தான். தனியொரு சிங்கத்தை எந்தக் கைதேர்ந்த பத்தரும் வெட்டிவிடலாம். சிங்கம், நகரம், ஆண்டு, செய்தவர், இயந்திரம், தேய்வு ஆகிய ஆறும் ஒரே கதையைச் சொல்லும்படி பொய் செய்வது மிகக் கடினம்.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். பின்மூடியில் முழு வரிசையும் இருந்தால், உள்மூடியிலும் கண்ணாடி வளையத்திலும் அவற்றிற் சில சிறியனவாகக் குத்தப்பட்டிருக்க வேண்டும். மேலே தொங்குவளையத்திலும் ஒரு சின்னச் சிங்கம் இருக்கலாம். தொங்குவளையம் தேய்ந்து மாற்றப்படுவது வழக்கமாதலால் அதில் இல்லாவிட்டாற் கவலை வேண்டாம். பின்மூடியில் மட்டும் பகட்டாக முத்திரை இருந்து வேறெங்கும் ஒன்றுமே இல்லையென்றால் அப்போது கவலைப்பட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று சொல்லி விற்கப்படும் ஓர் இங்கிலாந்து உறையில் மன்னர் அல்லது மகாராணியின் தலை முத்திரை இருந்தாலும் ஐயம் கொள்ளுங்கள். அது 1784 முதல் 1890 வரை வெள்ளி, தங்கப் பொருட்களுக்குத் தீர்வை செலுத்தியதைக் காட்டக் குத்தப்பட்டது. மணிக்கூட்டு உறைகளுக்கு 1798 இலேயே அந்தத் தீர்வை நீக்கப்பட்டுவிட்டது. முத்திரை கூடக்கூட விலையும் கூடும் என்று எண்ணிய எவரோ பழைய கரண்டி ஒன்றிலிருந்த வரிசையைப் பார்த்துக் குத்தும்போது, தலையையும் சேர்த்தே குத்திவிடுகிறார். தங்கள் உறையில் தலை இல்லை என்பதும் அதற்கு ஒரு நற்சாட்சியே.

கேள்வி: எனக்கு ஒருவர் அமெரிக்க மணிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மூடியில் ‘18 கே’ என்றும் ‘யூ.எஸ். அசே’ என்றும் குத்தப்பட்டிருக்கிறது. உறையின் இன்னோரிடத்தில் ‘20 வருட உத்தரவாதம்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பவுண் கணக்கில் விலை சொல்கிறார். உரைகல்லில் உரைத்துப் பார்த்தபோது நல்ல மாற்றுத்தான் வந்தது. வாங்கலாமா? – வியாபாரி, ஏறாவூர்.

பதில்: பவுண் கணக்கில் வாங்கவே வேண்டாம், நானா. ‘20 வருட உத்தரவாதம்’ என்ற அந்த வாசகம் ஒன்றே போதும். பித்தளை போன்ற மலிவான உலோகத் தகட்டின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகட்டை வைத்து அழுத்தி ஒட்டி, அந்த மூவடுக்குத் தகட்டில் உறை செய்வார்கள். மேலேயுள்ள தங்கம் தேய்ந்து உள்ளுலோகம் வெளியே தெரிய எத்தனை வருடம் ஆகும் என்பதே அந்த உத்தரவாதம். முழுத் தங்கத்துக்கு எவரும் இத்தனை வருடம் உழைக்கும் என்று உறுதி கொடுக்கத் தேவையில்லை. இந்த முறையில் உறை செய்வதற்கு ஜேம்ஸ் பொஸ் என்பவர் 1859 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஐந்து, பத்து, இருபது, இருபத்தைந்து என்று வருடக்கணக்கு குத்தும் வழக்கம் 1924 ஆம் ஆண்டளவில் அங்கே கைவிடச் செய்யப்பட்டது. இவற்றைச் செய்த நல்ல நிறுவனங்கள் வாங்குபவரை ஏமாற்றவில்லை. உறைக்குள்ளேயே உண்மையை எழுதி வைத்தன. இங்கிலாந்தில் டெனிசன் நிறுவனமும் ‘மூன்’ என்ற தரத்து உறைகளுக்குள், இரண்டு தங்கத் தகடுகளுக்கு நடுவே ஒரு கலப்புத் தகடு என்று விளக்கமாகவே பொறித்தது.

‘யூ.எஸ். அசே’ என்பதற்கு அரசாங்கத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் இருப்பது போன்ற உறைகளைச் சோதித்து முத்திரையிடும் சட்டபூர்வமான சாலை அமெரிக்காவில் இருந்ததில்லை. அங்கே ‘14 கே’, ‘18 கே’ என்பன செய்தவர் தாமே குத்தியவை. நேர்மையான நிறுவனமென்றால் தன் பெயரையும் அருகிற் குத்தும். பெயரைக் குத்தாமல் அரசாங்கத்தின் பெயரை இழுத்திருக்கும் முத்திரை ஏமாற்றும் நோக்கத்தோடு குத்தப்பட்டது. அதைக் குத்தியவர்கள் அந்தக் காலத்திலேயே பேர் போனவர்கள்.

உரைகல் பொய் சொல்லவில்லை. கல்லிற் படுவது மேற்பரப்பு; மேற்பரப்பு உண்மையில் தங்கமே. பெரிய நகைக்கடைகளிலுள்ள எக்ஸ்-கதிர்க் கருவியும் மேலேயுள்ள மெல்லிய படையைத்தான் வாசிக்கும். ஆகவே இத்தகைய உறையில் அதன் விடையை மட்டும் நம்பக்கூடாது. பிணைச்சலின் விளிம்பையும், மூடியைத் திறக்க நகம் வைக்கும் உதட்டையும், தொங்குவளையம் கழுத்தில் உராயும் இடத்தையும் பெரிதாக்கும் கண்ணாடியாற் பாருங்கள். தேய்வு முதலில் வரும் அந்த மூன்று இடங்களில் தங்க நிறத்துக்குள்ளிருந்து வேறொரு மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

அதிலும் தெளிவு வராவிட்டால் நிறுத்துப் பார்க்கலாம். கழற்றக்கூடிய மூடி ஒன்றை, இரும்பு வில் எதுவும் இல்லாமல், பத்தரின் இலக்கத் தராசில் நிறுங்கள், 18.60 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னர் தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மூடியை மெல்லிய நூலிற் கட்டி, கிண்ணத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு 1.20 என்று காட்டினால், 18.60 ஐ 1.20 ஆல் வகுக்க 15.5 வரும், அது 18 கரட் தங்கத்துக்குரிய அடர்த்தி. தராசு 2.10 என்று காட்டினால் 8.9 அளவில் வரும். பித்தளையின் அடர்த்தி 8.5 ஐ அண்டியது. 9 கரட்டாயின் 11 ஐ ஒட்டி வரும். மூடியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குழம்பும் என்பதால், விரலால் நனைத்துத் துடைத்துவிட்டு அமிழ்த்துங்கள்.

உண்மையான தங்க மணிக்கூடுகளிலும் கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. இயந்திரத்தை மூடியிருக்கும் உள்மூடியில் ‘மெற்றல்’ அல்லது பிரெஞ்சில் ‘குயிவ்ர்’ என்று பொறித்திருந்தால், அந்த ஒரு மூடி மட்டும் தங்கமன்று. பிந்தைய சொல்லுக்குச் செம்பு என்பது பொருள். விற்பவர் மொத்தமாக நிறுத்து, அந்த மூடியையும் இயந்திரத்தையும் சேர்த்துத் தங்க விலை கேட்பது வழக்கம். ‘சில்வராயிட்’, ‘சில்வரைன்’, ‘நிக்கல் சில்வர்’ என்ற பெயர்களைக் கண்டு வெள்ளி என்று மயங்குவதும் இதைப் போன்றதே; அவற்றில் வெள்ளி துளியும் இல்லை, நாம் ஜேர்மன் வெள்ளி என்று சொல்லும் வகை உலோகமே அது.

கேள்வி: சுவிஸ் வெள்ளி மணிக்கூடு ஒன்றை அண்மையில் வாங்கினேன். பின்மூடியில் ‘0.935’ என்ற இலக்கமும் மூன்று கரடிகளும், சற்றுத் தள்ளி நடந்து செல்லும் சிங்கமும் இருக்கின்றன. இரண்டு நாட்டு முத்திரையும் இருப்பதால் விலை அதிகம் என்றார்கள். கரடிகள் மங்கலாக இருப்பதால் அவை போலியோ என்று பயமாக இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். – பல்கலைக்கழக மாணவர், கல்முனை.

பதில்: தம்பி, படத்தை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். கரடிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எனக்கு ஐயம் சிங்கத்தின் மேலேயே.

சுவிற்சர்லாந்து 1880 இல் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் 18 கரட் தங்கத்துக்கு ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை, 14 கரட்டுக்கு அணில், ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளிக்குக் கரடி, 800 பங்குக்குக் காட்டுக்கோழி வகைப் பறவை என்று முத்திரைகள் வகுக்கப்பட்டன. பிரித்தானியா 1887 இல் வணிகக் குறிகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பின்னர் அந்தச் சந்தைக்குப் போகும் வெள்ளி அங்குள்ள 925 தரத்துக்குச் சற்றும் குறையாதிருக்க வேண்டும் என்பதற்காக 935 தரமும் அதற்குரிய மூன்று கரடி முத்திரையும் வந்தன. ‘0.935’ என்ற இலக்கத்தைச் செய்தவரே குத்திவிடலாம். கரடியைப் பரிசோதனைச் சாலையே குத்த வேண்டும். ஆகவே இலக்கத்தைவிடக் கரடியே பெரிய சாட்சி.

இப்போது சிங்கத்துக்கு வருவோம். 1887 இன் சட்டத்துக்கு முன்னர் சுவிஸ் உறைகள் சில இலண்டனுக்குப் போய்ச் சிங்க முத்திரை பெற்று வந்தது உண்மை. சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் அந்நிய உறையிற் சிங்கம் குத்துவது நின்றுவிட்டது. 1907 யூன் முதலாந் திகதி தொடக்கம் இறக்குமதி உறைகளைப் பிரித்தானியச் சாலைகள் கட்டாயமாகச் சோதித்து முத்திரையிட்டபோதும், சிங்கத்தைக் குத்தாமல் ‘.925’ என்ற இலக்கத்தையும் இறக்குமதிக்கென்று வகுத்த வேறு நகரக் குறிகளையுமே குத்தின. மூன்று கரடி பிறந்தபோது சிங்கம் போய்விட்டது. இரண்டும் ஒரே மூடியிற் சேர்ந்திருக்க முறையான வழியில்லை.

முத்திரைகளின் தோற்றமும் இதையே சொல்கிறது. அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது வெள்ளி பக்கவாட்டில் ஒதுங்கி, குழியின் விளிம்பில் மிக மெல்லிய கரை எழும்பும். குழியின் தளம் மட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். நூறு வருடம் மூடியைத் திறந்து மூடியதில் அந்தக் கரை தேய்ந்து மழுங்க வேண்டும். தங்கள் கரடிகள் அப்படித்தான் மழுங்கியிருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சிறு கீறல்களும் கரடியின் முதுகின் மேலாகத் தொடர்ந்து ஓடுகின்றன. ஒரு விரற்கடை தள்ளியிருக்கும் சிங்கமோ நேற்று வெட்டியது போலக் கூராக இருக்கிறது. ஒரே மூடியில், ஒரே கைகளில், ஒரே காலம் இருந்த இரண்டு முத்திரைகள் இவ்வளவு வேறுபடத் தேய்வதில்லை.

மூடியை வெளிப்புறமாகத் திருப்பி, சிங்கத்தின் பின்புறத்துக்கு நேரே வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். உறைகள் முற்றாக மெருகிடப்படுவதற்கு முன்னரே முத்திரைக்கு அனுப்பப்பட்டன. அடித்ததால் மறுபுறத்தில் எழும் புடைப்பைச் செய்தவர் பின்னர் தட்டி மட்டமாக்கிவிடுவார். கரடியின் பின்னால் மட்டமாகவும் சிங்கத்தின் பின்னால் ஒரு மொட்டுப் போலவும் இருந்தால், சிங்கம் வேலை முடிந்து பல காலத்தின் பின்னர் குத்தப்பட்டது என்பதில் ஐயமே வேண்டாம்.

கல்முனையில் இருந்தே செய்யக்கூடிய இன்னொரு சோதனையையும் சொல்லி வைக்கிறேன், தங்கள் உறைக்கு அது தேவைப்படாவிட்டாலும். சிலர் உடைந்த பழைய கிண்ணத்திலிருந்து உண்மையான முத்திரையை வெட்டியெடுத்து, வேறொரு பொருளில் பற்றாசு வைத்து ஒட்டிவிடுவார்கள். அப்போது முத்திரை ஒவ்வொன்றும் மெய்யானது. அது இருக்கும் இடமே பொய். காலைக் குளிர்ச்சியில் மூடியை எடுத்து, முத்திரையின் மேல் வாயால் மெல்ல ஆவி பறக்க ஊதுங்கள். ஈரம் படிந்து மறையும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள், முத்திரையைச் சுற்றி நிறம் வேறுபட்ட மெல்லிய கோடு ஒன்று தோன்றி மறைந்தால் அதுவே பற்றாசின் கோடு. வார்ப்பில் எடுத்த போலியை ஊதிப் பார்க்கவும் தேவையில்லை: குழியின் தளம் மணல் போலச் சொரசொரப்பாகவும், எழுத்தின் ஓரம் சவர்க்காரம் கரைந்தது போல உருண்டும், ஊசித்துளைகளோடும் இருக்கும்.

தங்கள் மணிக்கூடு நல்ல வெள்ளிதான். சிங்கத்துக்காகக் கொடுத்த மேலதிகப் பணத்தை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 1942 இல் எங்கள் கடலில் தாழ்ந்த ‘ஹேர்மிஸ்’ கப்பலின் மாலுமி ஒருவருடையது என்று சொல்லி ஒரு மணிக்கூடு விலைக்கு வந்திருக்கிறது. வெளிமூடியில் அம்புக்குறியும் ‘ஜீ.எஸ்.ரி.பி.’ என்ற எழுத்துகளும் ஓர் இலக்கமும், அவற்றின் கீழே கப்பலின் பெயரும் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பூட்டனார் கரையொதுங்கியவர்களுக்கு உதவியவர் என்பதால் வாங்கி வைக்க ஆசை. – கடற்றொழிற் குடும்பம் ஒன்று, கல்லடி.

பதில்: தங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, அதனாலேயே நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி அந்த விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக் கடலிற் தாழ்க்கப்பட்டது. ஆயினும் மணிக்கூட்டின் அம்புக்குறிக்கும் கப்பலின் பெயருக்கும் ஒரே பெறுமானம் கொடுக்க முடியாது.

அம்புக்குறி பிரித்தானிய அரசாங்க உடைமையைக் காட்டுவது. ‘ஜீ.எஸ்.ரி.பி.’ என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைகளுக்கு வழங்கிய சட்டைப்பை மணிக்கூடுகளில் வருவது. அவை விலையுயர்ந்த உலோகமல்ல. நிக்கல் அல்லது குரோம் பூசிய உறைகள். அம்பும் எழுத்துகளும் இலக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே சீராகக் குத்தப்பட்டிருப்பதாகப் படத்திலே தெரிகிறது. அவை உண்மையானவை என்றே நம்புகிறேன். கடற்படைக் கப்பல்களுக்கு வழங்கிய நேரக்கருவிகளில் வழக்கமாகக் காணப்படுவது ‘எச்.எஸ்.’ என்ற வேறு எழுத்துகள். ஒரு கப்பலின் பெயரை வழங்கல் மணிக்கூட்டில் பொறிக்கும் முறையையும் நான் கண்டதில்லை.

பெயரைச் செதுக்கிய கோடுகளைப் பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் வைத்து, அவற்றைக் குறுக்கறுக்கும் கீறல்களைப் பின்தொடருங்கள். செதுக்கு பழையதாயின், பிற்காலத்துக் கீறல்கள் எழுத்தின் கரையைச் சிதைத்துக்கொண்டு போகும். செதுக்கு புதியதாயின், பழைய கீறல் எழுத்தின் கரை வரை வந்து, அங்கே வெட்டுண்டு, மறுகரையில் மீண்டும் தொடங்கும். தாங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், கப்பற் பெயரின் முதலெழுத்தில் நீண்ட கீறல் ஒன்று அவ்வாறே இரண்டாக வெட்டுண்டிருக்கிறது. எழுத்துக் குழிக்குள் பூச்சு இல்லாமல் மஞ்சள் உலோகம் பளிச்சென்று தெரிவதும் நல்ல அறிகுறியன்று. எண்பது வருடத்து அழுக்கும் களிம்பும் அங்கே இருந்திருக்க வேண்டும்.

போர்க்காலப் படை மணிக்கூடு என்ற விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். பூட்டனாரின் நினைவுக்கு அந்தச் செதுக்கு தேவையில்லை. அவர் செய்ததைத் தங்கள் குடும்பத்தில் அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

இதையொட்டி அக்கரைப்பற்றிலிருந்து வந்த கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘சீ.ஜி.ஆர். பற்றிக்கலோ 1911’ என்று செதுக்கிய மணிக்கூட்டை அங்கொருவர் வைத்திருக்கிறார். இலங்கை அரசாங்கப் புகையிரத சேவையின் முதலெழுத்துகள் அவை. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928 இலேதான். மணிக்கூடு 1911 ஐச் சேர்ந்ததாக இருக்கலாம், செதுக்கியது அப்போதன்று.

கேள்வி: உறையிலுள்ள இலக்கமும் இயந்திரத்திலுள்ள இலக்கமும் வேறுவேறாக இருக்கின்றன. உறை மாற்றப்பட்டதா? – சம்மாந்துறை, காரைதீவு வாசகர்கள் இருவர்.

பதில்: அமெரிக்க மணிக்கூடாயின் வேறுவேறாக இருப்பதே வழமை. அங்கே இயந்திரம் ஒரு தொழிற்சாலையிலும் உறை வேறொன்றிலும் செய்யப்பட்டு, கடைக்காரர் வாங்குபவரின் விருப்பப்படி பொருத்திக் கொடுத்தார். சுவிஸ் உறைகளில் பின்மூடியின் இலக்கமும் உள்மூடியின் இலக்கமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அது பொருந்தாவிட்டால் மூடி மாற்றப்பட்டிருக்கிறது. இயந்திரம் வேறு உறையிலிருந்து வந்ததா என்பதை இலக்கத்தைவிடத் திருகாணி நன்றாகச் சொல்லும். இயந்திரத்தைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை உறையின் உள்விளிம்பை அழுத்தி ஒரு தடம் பதித்திருக்கும். ஒரு திருகாணிக்கு ஒரு தடம் என்றால் நல்லது. வெறுமனே இன்னும் இரண்டு தடங்கள் இருந்தால், அந்த உறைக்குள் முன்னர் வேறோர் இயந்திரம் குடியிருந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் பத்தர், மூடியைப் பளபளப்பாக மினுக்கி, மங்கிய முத்திரைகளை மீண்டும் வெட்டித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? – வாசகி, திருக்கோவில்.

பதில்: இரண்டையும் செய்யக்கூடாது, சகோதரி. மினுக்கும்போது வெள்ளியும் கரைந்துதான் போகிறது. முத்திரையின் கரையே முதலில் போகும். மீண்டும் வெட்டிய முத்திரை உண்மையான உறையையும் போலிபோல ஆக்கிவிடும், பின்னர் எவராலும் அதற்குச் சான்று சொல்ல முடியாது. மூடியின் உட்புறத்தில் மயிரிழை போல ஊசியாற் கீறிய எழுத்துகளும் திகதிகளும் இருந்தால் அவற்றையும் தொடவிட வேண்டாம். மணிக்கூட்டைத் திருத்தியவர்கள் தத்தம் நினைவுக்காக வைத்த குறிப்புகள் அவை. என் மேசைக்கு வந்த ஒரு மணிக்கூட்டில் தமிழ் எழுத்தில் ‘தை’ என்றும் பக்கத்தில் ஆண்டும் கீறியிருந்ததைக் கண்டபோது, முகமறியாத அந்தத் திருத்துநரோடு பேசியது போல இருந்தது.

கேள்வி: சுனாமியில் எங்கள் வீடு முழுவதும் போய்விட்டது. ஒரு மாதத்தின் பின்னர் மணலுக்குள்ளிருந்து எடுத்த இரும்புப் பெட்டியில் அம்மப்பாவின் மணிக்கூடு இருந்தது. இயந்திரம் துருவேறி ஒட்டிப்போய்விட்டது. உறை கறுத்து, முத்திரைகள் தடவினால் மட்டும் தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. தெளிவில்லாத முத்திரை போலியாகத்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னது மனத்தை மிகவும் வருத்துகிறது. – வாசகி, பெரியகல்லாறு.

பதில்: அப்படிச் சொன்னவர் தவறாகச் சொன்னார், தங்கச்சி. போலி முத்திரை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். விற்பதற்காகக் குத்தப்படுவது என்பதால் கண்ணில் படும்படிதான் குத்துவார்கள். நாள்தோறும் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்த ஒரு மனிதரின் விரல்கள் தேய்த்த முத்திரை மங்கியே இருக்கும்.

முதலில் கறுப்பை நீக்குவோம். இயந்திரத்தையும் கண்ணாடியையும் நீங்களாகக் கழற்ற முயலாமல், அறிந்தவர் ஒருவரிடம் கொடுத்து உறையை வேறாக்கிக்கொள்ளுங்கள். கிண்ணம் ஒன்றின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் மூடிகளைத் தாளிற் தொடும்படி வைத்து, அப்பச்சோடா இரண்டு மேசைக்கரண்டி தூவி, கொதிநீரை ஊற்றுங்கள். வெள்ளியோடு சேர்ந்திருந்த கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும். கறுப்பு நீங்கும், வெள்ளி கரையாது. முட்டை மணம் போல ஒன்று வரும், பயப்பட வேண்டாம். எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

பின்னர் மெழுகுதிரியைக் கொளுத்தி, முத்திரையிருக்கும் பக்கத்தைச் சுடரின் நுனிக்கு மேலே பிடித்து, மெல்லிய கரி படியவிடுங்கள். ஆறிய பின்னர், தெளிந்த ஒட்டுநாடாத் துண்டொன்றை அதன் மேல் ஒட்டி, நகத்தால் அழுத்தாமல் விரலின் சதையால் மட்டும் தடவி, உரித்தெடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். வெள்ளியின் பளபளப்பில் கண்ணுக்குப் பிடிபடாத வடிவங்கள் தாளில் கறுப்பும் வெள்ளையுமாக எழுந்து வரும். ஒரு தரத்தில் வராவிட்டால் மூன்று நான்கு தரம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பகுதி தெளியும்.

தாங்கள் அனுப்பிய படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோது, சிங்கத்தின் பின்னங்காலும் வாலும் எனக்குத் தெரிந்தன. அதற்குப் பக்கத்திலுள்ள கேடயத்தில், நமது வயலில் அரிந்து போட்ட உப்பட்டி போல ஒரு கதிர்க்கட்டும் அதையொட்டி ஒரு நேர்கோடும் இருக்கின்றன. அது வாளாகவும், இன்னும் இரண்டு கதிர்க்கட்டுகள் தேய்ந்த பக்கத்தில் மறைந்தும் இருந்தால், மூன்று கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும் கொண்ட செஸ்டர் நகரச் சாலையின் முத்திரை அது. லிவர்பூலில் செய்த உறைகள் பல அங்கேயே முத்திரை பெற்றன. அந்தச் சாலை 1962 இல் மூடப்பட்டுவிட்டது. கரிப்பதிவுகளை எடுத்ததும் அனுப்பி வையுங்கள். ஆண்டு எழுத்து இருக்கும் இடத்தில், கேடயத்தின் கீழ்விளிம்பு மட்டுமாவது வருகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்; எழுத்து முழுவதும் தேய்ந்திருந்தாலும் அந்த விளிம்பின் வளைவிலிருந்து அது எந்த வரிசைக் காலத்தது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.